ஒரு டெர்மினல் கிளையண்டை மேக்குக்குக் கொண்டுபோவது

தொலைவில் இருக்கும் சர்வர்களில் வேலை செய்வதற்கான ஒரு டெர்மினல் கிளையண்டை விண்டோஸிலிருந்து மேக்ஓஎஸ்ஸுக்குப் பெயர்க்கும் வேலையில் சில காலமாக ஈடுபட்டிருக்கிறேன். நாங்கள் சிலர் சேர்ந்து சி மொழியில் எழுதிப் பராமரித்துவரும் சிறிய திறமூல நிரல் அது. தொலைக் கணினியோடு இணைவதற்கான எஸ்எஸ்எச், டெல்நெட் ஆகிய இரு நெறிமுறைகளையும் பேசும். தன் சாளரத்துக்குள், யூனிக்ஸில் பரவலான எக்ஸ்டெர்ம் நிரலின் வகை டெர்மினலாக நடந்துகொள்ளும். அந்த இயங்குதளத்தின் செயற்கூறுக்குப் பதில் இந்த இயங்குதளத்தின் செயற்கூறை அழைப்பதுதான் பெயர்ப்பு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பகுதி சீக்கிரமே முடிந்துவிடுகிறது. பழைய இயங்குதளம் தந்துவந்த சில உத்தரவாதங்களை நிரல் எங்குமே எழுதிவைக்காமல் நம்பிக்கொண்டிருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பதில்தான் உண்மையான உழைப்பு போகிறது.

இந்த வகை நிரல்களில் நாங்கள் பாடமாகப் படித்தது, இதே வேலையைச் செய்யும் புட்டி என்ற நிரலின் மூலநிரலைத்தான். சைமன் டாத்தம் எழுதிய புட்டி 1999இல் விண்டோஸ் நிரலாக வெளிவந்தது; யூனிக்ஸ் பெயர்ப்பு 2004 பிப்ரவரியில் வெளியான 0.54 பதிப்பில்தான் சேர்ந்தது. அதன் உருவாக்குநர்களுக்கான வழிகாட்டியில் சில கொள்கைகள் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கின்றன. நெறிமுறைப் பகுதி எந்த இயங்குதளத்தையும் அறிந்திருக்கக்கூடாது. சில தளங்களில் ஒரே நிரலோட்டத்துக்குள் பல இணைப்புகள் இருக்கும் என்பதால் பொது மாறிகளைத் தவிர்க்க வேண்டும். இணையாக ஓடும் தனித்தனி இழைகளாகப் பிரிக்காமல் ஒரே இழையில் எழுத வேண்டும். அமைப்புகளுக்கான உரையாடல் பெட்டியைக்கூட அது ஒரு தளத்தின் பொருளாக வரைவதில்லை. இங்கே ஒரு தேர்வுப் பெட்டி, இங்கே ஒரு எழுத்துப் பெட்டி என்று தரவாக விவரித்துவிட்டு, அதை உருவாக்கும் பொறுப்பை ஒவ்வொரு தளத்தின் முகப்புக்கும் விட்டுவிடுகிறது. இந்தக் கொள்கைகளை வாசிக்கும்போது மிகையான எச்சரிக்கையாகத் தோன்றும். இரண்டாவது தளத்தில் கால் வைத்த பிறகு ஒவ்வொன்றின் அவசியமும் விளங்குகிறது.

எங்கள் நிரலில் டெர்மினல் பகுதிக்கும் சாளரத்துக்கும் இடையே ஏற்கெனவே ஓர் எல்லை இருந்தது. ஆனால் அந்த எல்லையின் இருபுறமும் விண்டோஸின் மொழியே பேசப்பட்டது. ஒரு டெர்மினலுக்கு உலகத்திடமிருந்து வேண்டியது மிகக் குறைவு: இந்த வரியில் இந்த நெடுவரிசையில் இந்த எழுத்துகளை இந்த நிறத்தில் காட்டு, தலைப்பை மாற்று, மணி அடி, கிளிப்போர்டில் உள்ளதைக் கொடு, உன் அளவு எத்தனை கட்டம் என்று சொல். எல்லையை இந்தத் தேவைகளின் வடிவில் போட்டால் எந்தத் தளமும் அவற்றைத் தன் வழியில் நிறைவேற்றிக்கொள்ளும். இயங்குதளச் செயற்கூறுகளின் வடிவில் போட்டால், இரண்டாவது தளம் முதல் தளத்தைப் போல நடிக்க வேண்டியதாகிவிடும். அப்படி நடிக்கவைத்து முடித்த பெயர்ப்புகளை நான் பயன்படுத்தியிருக்கிறேன். மேக்கில் ஓடினாலும் அவை மேக் நிரல்களாக இருப்பதில்லை.

வரைவதை எடுத்துக்கொள்வோம். விண்டோஸின் பழைய வரைகலை முறையான ஜிடிஐயில் ஒரு நிரல் தான் விரும்பிய கணத்தில் சாளரத்தின் டிவைஸ் கான்டெக்ஸ்டை, அதாவது வரைவதற்கான பிடியை, கேட்டு வாங்கி அதில் எழுதலாம். சர்வரிலிருந்து பைட்டுகள் வந்ததும் எங்கள் டெர்மினல் அவற்றைப் பகுத்து, மாறிய கட்டங்களை அப்போதே வரைந்துவிடும். மேக் நிரல்களுக்கான கட்டமைப்பாகிய கோக்கோவில் அந்த உரிமை இல்லை. எந்தப் பகுதி பழையதாகிவிட்டது என்று மட்டும் நிரல் அறிவிக்கலாம். வரையச் சொல்லும் அழைப்பு கட்டமைப்பிடமிருந்து அதற்குரிய நேரத்தில் வரும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. திரைக்கு வெளியே ஒரு படப்பரப்பை வைத்துக்கொண்டு, பழைய முறைப்படி உடனுக்குடன் அதில் வரைந்துவிட்டு, அழைப்பு வரும்போது அதை அப்படியே திரைக்கு நகலெடுப்பது ஒன்று. எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்று டெர்மினல் வைத்திருக்கும் கட்ட அணியையே ஒரே உண்மையாக வைத்துக்கொண்டு, மாறிய வரிகளைக் குறித்துவைத்து, அழைப்பு வரும்போது அந்த வரிகளை மட்டும் அணியிலிருந்து வரைவது மற்றொன்று. முதல் வழியில் பழைய நிரலைத் தொடவேண்டியதே இல்லை என்பதால் அது கவர்ச்சியாக இருந்தது.

நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். ரெட்டினா திரையில் ஒரு புள்ளி என்பது அகலத்தில் இரண்டு பிக்சல், உயரத்தில் இரண்டு பிக்சல். பயனர் தன் சாளரத்தை மடிக்கணினியின் திரையிலிருந்து சாதாரண வெளித்திரைக்கு இழுத்துப்போனால் அந்த விகிதம் நடுவழியில் மாறும். படப்பரப்பு வைத்திருந்தால் அதை அழித்து மறுபடி உருவாக்க வேண்டும், அதுவரை எழுத்து மங்கலாகத் தெரியும். கட்ட அணிக்குப் பிக்சல் என்பதே தெரியாது. அடுத்த அழைப்பில் புதிய விகிதத்தில் கூர்மையாக வரைந்துவிடும். இன்னொரு காரணமும் இருந்தது. பெரிய பதிவுக் கோப்பு ஒன்றைச் சர்வரில் முழுதாகக் கொட்டினால், இடையில் ஓடும் ஆயிரக்கணக்கான வரிகளை எந்தக் கண்ணும் வாசிக்கப்போவதில்லை. வந்த பைட்டுகளை எல்லாம் பகுத்துவிட்டு, திரை புதுப்பிக்கப்படும் தருணத்தில் இருக்கும் நிலையை மட்டும் வரைந்தால் போதும். இந்த மாற்றத்தைப் பின்னர் விண்டோஸ் முகப்புக்கும் கொண்டுபோனோம். அங்கும் பெரிய வெளியீடுகள் கண்ணுக்குத் தெரியும்படி விரைவாயின.

நிகழ்வுகளுக்குக் காத்திருந்து ஒவ்வொன்றாகக் கையாளும் சுழற்சியான ஈவென்ட் லூப்பில் ஒளிந்திருந்த உத்தரவாதம் இதைவிட நுட்பமானது. விண்டோஸில் எங்கள் சாக்கெட் (வலையிணைப்பு) நிகழ்வுகள் சாளரச் செய்திகளாகவே வருகின்றன. பயனர் ஒரு மெனுவைத் திறந்துவைத்திருந்தாலும், சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாலும், விண்டோஸ் தனக்குள் ஓட்டும் சிறு சுழற்சி அந்தச் செய்திகளைத் தொடர்ந்து வழங்கிக்கொண்டே இருக்கும். மேக்கில், சர்வரின் நிலையை மாறிக்கொண்டே இருக்கும் எண்களாகக் காட்டும் டாப் நிரலை ஓடவிட்டு மெனுவை அழுத்திப் பிடித்துப் பாருங்கள் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். பிடித்திருந்த நேரம் முழுவதும் எண்கள் உறைந்து நின்றன. விட்டதும் தேங்கியது எல்லாம் ஒரே மூச்சில் ஓடியது. மேக்கின் ஈவென்ட் லூப்பான ரன் லூப்புக்குப் பல நிலைகள் உண்டு. மெனு திறந்திருக்கும்போதும் சாளரத்தின் அளவு மாறிக்கொண்டிருக்கும்போதும் அது சாதாரண நிலையை விட்டுக் கண்காணிப்பு நிலைக்குப் போய்விடுகிறது. சாதாரண நிலையில் மட்டும் பதிவுசெய்த சாக்கெட்டுக்கு அப்போது யாரும் செவிகொடுப்பதில்லை. பொது நிலைகள் என்ற தொகுப்பில் பதிவுசெய்தால் தீர்ந்தது. திருத்தம் ஒரு சொல்தான், ஆனால் அந்த ஒரு சொல் இல்லாமல் நிரல் பெரும்பாலும் நன்றாகவே ஓடும் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

இதன் நெருங்கிய உறவுதான், சர்வரை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் கீ பற்றிய கேள்வி. சர்வரின் கீ மாறியிருக்கிறது, தொடரலாமா என்று கேட்கும் பெட்டியை விண்டோஸ் பதிப்பு, எஸ்எஸ்எச் கீ பரிமாற்றத்தின் நடுவிலேயே திறந்து, பதில் வரும்வரை அந்தச் செயற்கூறுக்குள்ளேயே காத்திருந்தது. மேக்கில் இத்தகைய கேள்வி அந்தச் சாளரத்தோடு ஒட்டிய ஷீட்டாக இறங்க வேண்டும். மற்றச் சாளரங்களில் வேலை தடைப்படக்கூடாது. பதில் பின்னொரு கணத்தில் தனி அழைப்பாக வரும். ஆகவே ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளோடு "பிறகு சொல்கிறேன்" என்ற மூன்றாவது விடையும் எல்லையில் சேர்ந்தது. நெறிமுறைப் பகுதி பாதியில் நின்று, பதில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரக் கற்றுக்கொண்டது. பயனர் யோசித்துக்கொண்டே இருக்கையில் இணைப்பு அறுந்துபோவதும் நடக்கும், ஏனெனில் பரவலாகப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் இயல்பாக 120 விநாடிக்குள் உள்நுழைவு முடியவில்லை என்றால் இணைப்பைத் துண்டித்துவிடும். இணைப்பு போனவுடன் ஷீட்டும் தானாக மூடிக்கொள்ள வேண்டும். இறந்துபோன இணைப்புக்கு ஒருவர் ஒப்புதல் தருவது போன்ற குழப்பம் பாதுகாப்புக் கேள்விகளில் இருக்கவே கூடாது என்பது என் கருத்து. அந்த ஷீட்டில் என்டர் விசை எதை அழுத்தும் என்பதையும் நெடுநேரம் விவாதித்தோம். மாறிய கீயை ஏற்கும் பொத்தானுக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை.

இனி விசைப்பலகை. மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் மிகவும் நீண்ட பகுதியும் இதுதான். டெர்மினலைப் பயன்படுத்துவோரின் விரல்களில் பல ஆண்டுப் பழக்கம் ஊறியிருக்கிறது. அதை மதிக்காத டெர்மினல் வேறு எதில் சிறந்தாலும் பயனில்லை. மேக்கில் ஒரு பெரிய வசதி முதலிலேயே கிடைக்கிறது. கன்ட்ரோல்-சி, ஓடும் கட்டளையை நிறுத்தச் சர்வருக்குப் போகும் 3 என்ற பைட். நகலெடுக்கும் கட்டளை கமாண்ட் விசையில் இருக்கிறது. விண்டோஸில் ஒரே விசைக்கு நடந்த அந்தப் போட்டி இங்கே எழுவதில்லை.

ஆனால் விசை அழுத்தங்களைக் கோக்கோவின் எழுத்து உள்ளீட்டு முறையிடம் அப்படியே ஒப்படைத்தால், கன்ட்ரோல்-ஏ என்பது 1 என்ற பைட்டாக வராமல், வரியின் தொடக்கத்துக்குப் போ என்ற தொகுப்புக் கட்டளையாகத் திரும்பிவரும். ஒப்படைக்காமலே விட்டால், பிற மொழிகளின் உள்ளீட்டு முறைகள் வேலை செய்யாது. ஆகவே ஒவ்வொரு அழுத்தத்தையும் முதலில் நாங்கள் பார்க்கிறோம்: கன்ட்ரோல் சேர்ந்த விசைகளையும் அம்பு விசைகளையும் நாங்களே பைட்டுகளாக்கி அனுப்பிவிடுகிறோம், மற்றவற்றை உள்ளீட்டு முறைக்குத் தருகிறோம். இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. உள்ளீட்டு முறை பாதி உருவான ஓர் எழுத்தை வைத்திருக்கும்வரை, என்டர், பேக்ஸ்பேஸ், அம்பு விசைகள் எல்லாம் அதற்கே சொந்தம். இந்த விதியை மறந்த டெர்மினல்களில், எழுத்தைத் தேர்ந்தெடுக்க அழுத்திய என்டர் சர்வருக்குப் போய், முடிக்காத கட்டளையை ஓட்டிவிடும்.

ஆப்ஷன் விசையின் கதை இன்னும் சிக்கலானது. ஈமேக்ஸ் எடிட்டரும் பாஷ் கட்டளை ஷெல்லும் குறுக்குவழிகளுக்கு எதிர்பார்க்கும் மெட்டா விசை மேக்கின் பலகையில் இல்லை. ஆப்ஷனை மெட்டாவாக்கி, எழுத்துக்கு முன்னால் 27 என்ற எஸ்கேப் பைட்டை அனுப்புவது வழக்கம். ஆனால் ஜெர்மன் மேக் பலகையில் சதுர அடைப்புக்குறிகள் ஆப்ஷன்-5, ஆப்ஷன்-6 ஆகியவற்றில் இருக்கின்றன. பைப் குறி ஆப்ஷன்-7இல் இருக்கிறது. ஆப்ஷன் முழுவதையும் மெட்டாவாக்கினால் அந்தப் பயனரால் இரண்டு கட்டளைகளை ஒரு பைப்பால் இணைக்கவே முடியாது. இட ஆப்ஷனையும் வல ஆப்ஷனையும் தனித்தனியாக அமைத்துக்கொள்ளும் வசதி கொடுத்தோம். இயல்பாக இடப்பக்கம் மெட்டா, வலப்பக்கம் எழுத்து. விண்டோஸிலும் இதே சிக்கலின் வேறு முகம் உண்டு. அங்கே ஐரோப்பியப் பலகைகளில் கூடுதல் எழுத்துகளைத் தரும் ஆல்ட்ஜிஆர் விசை, கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே நிரலுக்கு வந்து சேரும். ஆகவே, எல்லையில் நின்று "இது மெட்டாவா, எழுத்தா" என்று தீர்மானிப்பது முகப்பின் வேலை. டெர்மினல் பகுதிக்கு விடை மட்டும் போகிறது.

எழுத்து விசைகளால் நகரும் விம் எடிட்டரைப் பயன்படுத்துவோர் கவனிக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2011இல் வந்த லயன் பதிப்பிலிருந்து மேக்கில் சில எழுத்து விசைகளை அழுத்திப் பிடித்தால் அந்த எழுத்து திரும்பத் திரும்ப வருவதில்லை. உச்சரிப்புக் குறிகள் கொண்ட எழுத்துகளின் சிறு பட்டியல் திறக்கிறது. கடிதம் எழுதும் நிரலுக்கு அது நல்ல வசதி. டெர்மினலில் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு நகர்பவருக்கு அது தடை. நிரல் தன் சொந்த இயல்பு அமைப்புகளில் இந்த வசதியை அணைத்துக்கொள்ள முடியும். பயனரைத் தன் கணினி முழுவதற்கும் மாற்றச் சொல்லத் தேவையில்லை. பேக்ஸ்பேஸ் 127ஐ அனுப்ப வேண்டுமா, 8ஐ அனுப்ப வேண்டுமா என்ற பழம்பெரும் கேள்விக்கு எஸ்எஸ்எச் நெறிமுறையே உதவுகிறது. அதன் தர ஆவணங்களில் ஒன்றான ஆர்எஃப்சி 4254இன்படி டெர்மினல் கேட்கும் கோரிக்கையிலேயே, அழிக்கும் எழுத்து இதுதான் என்று சர்வருக்குச் சொல்லிவிடலாம். எங்கள் அமைப்பில் எது தேர்வாகியிருக்கிறதோ அதையே அந்தக் கோரிக்கையிலும் அனுப்புகிறோம்.

விண்டோஸில் ஓர் இணைப்புக்கு ஒரு நிரலோட்டம் என்பது எங்கள் வழக்கம். ஒன்று விழுந்தால் மற்றவை தப்பித்துக்கொள்ளும். மேக்கில் ஒரு நிரல், அதற்கு ஒரு மெனுப்பட்டை, அதன் கீழ் எத்தனை சாளரங்களானாலும் இருக்கலாம். கடைசிச் சாளரம் மூடிய பிறகும் நிரல் உயிரோடு இருக்கும். இணைப்பின் நிலை, அமைப்புகள், கர்சர் சிமிட்டும் டைமர் என்று பொது மாறிகளாக இருந்தவை அனைத்தும் இணைப்பு என்ற ஒரு கட்டமைப்புக்குள் போயின. இதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. கம்பைலர் ஒவ்வொரு இடத்தையும் சுட்டிக்காட்டிவிடும். ஆனால் பிழை நேர்ந்தால் நிரலையே நிறுத்திவிடு என்று எழுதியிருந்த இடங்களைக் கம்பைலர் காட்டாது. ஒரு சர்வர் தவறான பாக்கெட் அனுப்பியதற்காக ஒருவரின் எல்லாச் சாளரங்களும் மறைந்துபோக விடலாகாது என்பதால், அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, அந்த இணைப்பை மட்டும் மூடும்படி மாற்றினோம்.

சத்தமில்லாமல் கொல்லும் இன்னொன்று, இயங்குதளம் நிரலுக்கு அனுப்பும் சிக்பைப் என்ற சிக்னல். மறுமுனை மூடிவிட்ட சாக்கெட்டில் எழுதினால் விண்டோஸ் ஒரு பிழை எண்ணைத் தரும். யூனிக்ஸ் மரபில் வந்த மேக்கோ, நிரலையே முடித்துவிடும். சாக்கெட்டைத் திறக்கும்போதே அந்தச் சிக்னல் வேண்டாம் என்று ஒரு விருப்பத்தை அமைத்துவிட்டால் போதும். லாங் என்ற மாறி 64 பிட் விண்டோஸில் 32 பிட்டாகவும் மேக்கில் 64 பிட்டாகவும் இருப்பது இதற்கு நேர்மாறு: அது பெருஞ்சத்தத்தோடு உடைகிறது. எஸ்எஸ்எச் பயன்படுத்தும் எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் கணக்கில் 32 பிட் சுழற்சிகளை லாங்கில் எழுதியிருந்தால், மேல் பிட்டுகளில் குப்பை சேர்ந்து முதல் சோதனையிலேயே விடை தப்பும்; சரிசெய்வதும் எளிது. விரிந்த எழுத்து வகை விண்டோஸில் 16 பிட், மேக்கில் 32 பிட் என்பது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தொல்லை. எமோஜி ஒன்று அங்கே இரண்டு துண்டுகளாகவும் இங்கே ஒன்றாகவும் வருவதால், தேர்ந்தெடுத்து நகலெடுக்கும் நிரல்பகுதி முழுவதையும் யூனிகோட் புள்ளிகளின் கணக்கில் திருத்தி எழுதினோம்.

எழுத்துருவில் இரண்டு காரியங்கள். ஜிடிஐ பழகிய முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் முழு எண் பிக்சல் அகலம் தந்தது. மேக்கின் எழுத்து வரையும் பகுதியான கோர் டெக்ஸ்ட் பின்ன அகலம் தருகிறது. ஒரு வரியை மொத்தமாக வரையக் கொடுத்தால், எண்பதாவது நெடுவரிசைக்குப் போவதற்குள் எழுத்துகள் கட்டத்தை விட்டு நகர்ந்துவிடும். கட்டத்தின் அகலத்தை ஒரு முறை முழுமையாக்கிவிட்டு, ஒவ்வொரு வடிவத்தின் இடத்தையும் நாங்களே கணக்கிட்டுக் கொடுக்கிறோம். கோடுகளால் பெட்டி வரையும் எழுத்துகளை எழுத்துருவிடம் விடாமல் நேரடியாகக் கோடுகளாகவே வரைகிறோம். இல்லையென்றால் வரிகளுக்கு இடையே மெல்லிய விரிசல் தெரியும்.

இரண்டாவது காரியம் நமக்கு நெருக்கமானது, இன்னும் முடியாதது. டெர்மினலில் ஒவ்வொரு எழுத்தும் எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதைச் சர்வரில் ஓடும் நிரலும் நம் கிளையண்டும் தனித்தனியே கணக்கிடுகின்றன; இரண்டும் ஒத்துப்போனால்தான் கர்சர் சரியான இடத்தில் நிற்கும். பரவலாகப் பயன்படும் கணக்கு யூனிகோட் வகைப்பாட்டை ஒட்டியது: இடம்பிடிக்காத குறிக்குப் பூஜ்யம், இடம்பிடிக்கும் குறிக்கு ஒன்று. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் முதல் வகை. இகரக் குறியும் உகரக் குறியும் இரண்டாம் வகை. ஆகவே 'கீ' ஒரு கட்டம், 'கி' இரண்டு கட்டம் என்று கணக்காகிறது. 'கொ' என்ற எழுத்தின் குறியோ க-வின் இருபுறமும் விரிகிறது. கட்டம் கட்டமாக வரைந்தால் எழுத்து சிதறும்; சொல்லாகச் சேர்த்து கோர் டெக்ஸ்டிடம் கொடுத்தால் அழகாக வரும், ஆனால் கணக்கிட்ட கட்டங்களோடு பொருந்தாது. இப்போதைக்கு ஒரு மெய்யையும் அதைத் தொடரும் குறியையும் ஒரே துண்டாக வடிவமைத்து, அவற்றுக்குக் கணக்கில் கிடைத்த கட்டங்களின் மொத்த அகலத்துக்குள் அமர்த்துகிறோம். வாசிக்க முடிகிறது, ஆனால் இடைவெளிகள் சீராக இல்லை. சர்வர் பக்கக் கணக்கு மாறாதவரை கிளையண்டால் இதைத் தனியாகத் தீர்க்க முடியாது; கர்சரைத் தப்பான இடத்தில் நிறுத்துவதைவிடச் சீரற்ற இடைவெளியே மேல் என்று முடிவெடுத்திருக்கிறேன்.

அமைப்புகளைச் சேமிக்கும் பகுதி கடைசியாக வந்தது. விண்டோஸில் எல்லாம் அமைப்புகளுக்கான பொதுக் கிடங்கான ரெஜிஸ்ட்ரியில் இருந்தது. மேக்கில் பயனரின் லைப்ரரி கோப்புறையில் சாதாரண உரைக் கோப்பாகிவிட்டது. மேக்கிலேயே ஓப்பன்எஸ்எஸ்எச் இருப்பதால், பலரிடம் அறிந்த ஹோஸ்ட்டுகளின் பட்டியல் ஏற்கெனவே இருக்கும். அதை நாங்கள் படிக்கிறோம், அதில் எழுதுவதில்லை. பயனர் வேறொரு கருவியில் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட கீயை மறுபடி கேட்பது அவரை யோசிக்காமல் ஆம் சொல்லப் பழக்கும். அந்தக் கருவியின் கோப்பை நாங்கள் மாற்றுவதோ எங்கள் வேலை அல்ல. விண்டோஸிலிருந்து வருபவர்கள் ரெஜிஸ்ட்ரியிலிருந்து ஏற்றுமதி செய்த கோப்பை நேரடியாகத் திறக்கலாம். யுடிஎஃப்-16 வடிவில் இருக்கும் அந்தக் கோப்பிலிருந்து சர்வரின் பெயர், போர்ட், பயனர் பெயர், நிறங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறோம். எழுத்துருவின் பெயரையும் விசை அமைப்புகளையும் வேண்டுமென்றே விட்டுவிடுகிறோம். அவை அந்தப் பலகைக்கும் அந்தத் திரைக்கும் உரியவை, இங்கே புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவை.